மதுரைக்காரங்க கொஞ்சம் வழி சொல்லுங்க

லீவுக்கு குடும்பத்தோட மதுரை வந்துருக்கோம், மீனாட்சி கோயிலுக்குள்ள போன் விடமாட்டாங்கல்ல, அதைக் குடுக்க க்யூவுல நிக்கும்போது என் தம்பியும் சேலத்துல இருந்து வந்த ஒரு பொண்ணும் பேச ஆரம்பிச்சு, அப்புறம் பொற்றாமரைக் குளத்து மண்டபத்துல ரெண்டு குடும்பமும் ஒண்ணா உக்காந்து பேசுற அளவுக்கு வந்துருச்சு. தங்கமான பொண்ணு, எனக்கு அவ்வளவு சந்தோஷம். நாளைக்கு ராத்திரி அவங்களுக்கு ட்ரெயின். அதுக்குள்ள ரெண்டு பேரும் நிதானமா மனசு விட்டு பேசணும், பெரியவங்களும் பக்கத்துலயே இருக்கணும். நாயக்கர் மஹால் ஒலி ஒளி காட்சின்னா பேச முடியாது. வண்டியூர் தெப்பக்குளம் சாயங்காலம் கூட்டமா இருக்குமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, சமணர் மலையெல்லாம் ஏற முடியாது. அங்கிட்டு நல்ல ஜிகர்தண்டா கடை இருந்தாலும் சொல்லுங்க, இன்னைக்கே சொன்னீங்கன்னா பெரிய உதவி.