அடோர்ன் ஆற்றின் பெயர்: உதவி தேவை

நண்பர்களே, ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் தன் கதைகளில் எல்ஃப் இனத்தார் பேசுவதற்காக உருவாக்கிய ‘சிந்தாரின்’ என்ற மொழியின் ஆற்றுப் பெயர்களுக்குத் தமிழில் ஒரு சொற்குறிப்பு எழுதிவருகிறேன். ஓரிடத்தில் உங்கள் உதவி வேண்டும்.

பல பெயர்கள் எளிதில் பிரிகின்றன. ‘துயின்’ என்றால் பேராறு. அந்துயின் நெடும்பேராறு, பரந்துயின் பழுப்புப் பேராறு. எருய் இன்னும் சுவையானது. ‘எர்’ என்றால் ‘ஒன்று’ என்பதால் ‘முதலாவது’ என்று எண்ணத் தோன்றும். டோல்கீன் அதை மறுத்து, துணையாறு எதுவும் இல்லாததால் ‘தனித்தது’ என்று பெயர் பெற்றதாக விளக்குகிறார். இலக்கணத்தோடு நிலத்தின் அமைப்பையும் சேர்த்து யோசித்திருக்கிறார் பாருங்கள்!

சிக்கல் அடோர்னில்தான். ஐசன் ஆற்றில் கலக்கும் இதன் பெயர் சிந்தாரின் சொல்லைப் போல ஒலித்தாலும், அம்மொழியில் பொருள்படாது. கதையில் கடல்கடந்து வந்து குடியேறிய மனிதர்களான நூமெனோரியரின் வருகைக்கு முந்தைய பெயராக இருக்கக்கூடும் என்று அவரே குறித்திருக்கிறார். ‘ஓர்ன்’ என்றால் மரம் என்பதைக் கொண்டு இதைப் பிரிப்பது சரியல்ல என்பதே என் கருத்து.

இப்படிப் பழைய மொழியிலிருந்து வந்து சிந்தாரின் வடிவம் பெற்றதாக அவர் சொல்லும் வேறு ஆறுகள் உண்டா? எரெக், உம்பர் போன்ற இடப்பெயர்களைக் குறித்துக்கொண்டுவிட்டேன், ஆறுகள்தான் வேண்டும். கதையில் வரும் கோந்தோர் நாட்டின் ஆறுகளைப் பற்றிய அவரது கட்டுரை, டோல்கீனின் மொழிகளை ஆராயும் ‘வின்யார் தெங்வார்’ என்ற பத்திரிகையின் 42ஆம் இதழில் 2001இல் வந்தது. அதை வைத்திருப்பவர்கள் தொடர்புடைய பகுதியைச் சுட்டினால் பேருதவியாக இருக்கும்.