தனி ஆள், வேலைக்கும் போகிறேன்: மூன்றரை மாத சிப்பிப்பாறைக் குட்டியை எப்படிச் சமாளிப்பது?

மடிப்பாக்கம்_மாடிவீடு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்தில் இதுவரை யாரும் நாய் வளர்த்ததில்லை. நான் மடிப்பாக்கத்தில் முதல் மாடி வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். சாத்தூர்ப் பக்கம் சித்தப்பா தோட்டத்தில் போட்ட சிப்பிப்பாறைக் குட்டிகளில் ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தேன். பெயர் செவலை, கடுவன், மூன்றரை மாதம். தடுப்பூசியில் கடைசித் தவணை பாக்கி இருப்பதால் தெருவில் இறக்கி நடத்த வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

காலையில் சமர்த்தாக இருக்கிறான். மதியம் கீழ்வீட்டு அம்மா வந்து சோறு வைத்துவிட்டுப் போவார். நான் ஆபீஸிலிருந்து திரும்பியதும்தான் ஆரம்பிக்கிறது. கட்டிலைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறான், டைல்ஸில் வழுக்கி விழுகிறான், எழுந்து என் கணுக்காலைக் கவ்வுகிறான். களைத்துப் போகட்டும் என்று பந்து போட்டால் ஆட்டம் கூடுகிறதே தவிர அடங்கவில்லை. "ஊருக்கே அனுப்பிவிடு" என்கிறார் அம்மா. எனக்கு மனசே வரவில்லை. இன்னும் ஓடவிட வேண்டுமா, வேறு வழி இருக்கிறதா? தனியாக வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காட்டு_அக்கா:

தங்கச்சி, நானும் தனியாகத்தான் இரண்டு சிப்பிப்பாறைகளை வளர்த்தேன், அதுவும் சென்னையில். செவலைக்கு முதலில் தேவை தூக்கம். இந்த வயதில் ஒரு நாளைக்கு 18 மணி நேரம்கூடத் தூங்குவார்கள். சாயங்காலம் நீ வந்த சந்தோஷத்தில் தூக்கத்தை விட்டுவிடுகிறான். தூக்கம் கெட்ட குழந்தை சிணுங்கும், இவன் கடிக்கிறான், அவ்வளவுதான். பந்தைப் போட்டால் இன்னும் உசுப்பேறும். முயலைக் கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே வளர்த்த இனம் அது. எது ஓடினாலும் பின்னால் போகத்தான் செய்யும்.

நீ வந்ததும் முதலில் மொட்டை மாடிக்குத் தூக்கிப் போய் மூத்திரம் போக வை. அப்புறம் அவன் சாப்பாட்டில் ஒரு பங்கைப் பழைய துண்டில் சுருட்டி முடிச்சுப் போட்டுக் கொடு. மோப்பம் பிடித்து, முடிச்சை அவிழ்த்துத் தின்பதில் மூளை களைத்துவிடும். கால் மணி நேர ஓட்டத்தைவிட இது நன்றாக வேலை செய்யும். பிறகு விளக்கைக் குறைத்து, அவனுக்கென்று ஒதுக்கிய மூலையில் கோணிச் சாக்கைப் போட்டுப் படுக்க வை. நீயும் பக்கத்தில் பேசாமல் உட்கார். முதல் சில நாள் கத்துவான், பொறுத்துக்கொள்.

கவ்வினால் காலை இழுக்காதே, இழுத்தால் அவனுக்கு அது விளையாட்டு. அப்படியே அசையாமல் நில், வேறு பக்கம் திரும்பிக்கொள். பால்பல் விழுகிற பருவம், ஈறு நமைச்சல் எடுக்கும். ஈரத்துணியை முறுக்கி ஃப்ரீசரில் வைத்து, நீ பார்த்துக்கொண்டிருக்கும்போது மெல்லக் கொடு. டைல்ஸ் மேல் பாய் விரித்து வை. வழுக்கி வழுக்கி ஓடினால் வளரும் மூட்டுக்கு ஆகாது.

தெருவில் இறக்கக் கூடாதே தவிர, வெளியே காட்டாமல் இருக்காதே. நாலு மாதத்துக்குள் பார்த்துப் பழகியதற்கெல்லாம் பிறகு பயப்படுவது குறைவு. இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆட்டோ சத்தம், ஹெல்மெட் போட்டவர், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாவற்றையும் காட்டு. நாளைக்குத் தெருவில் நடக்க ஆரம்பித்தாலும் கயிற்றை மட்டும் விடாதே. பூனை ஓடினால் நீ எவ்வளவு கூப்பிட்டாலும் அவன் காதில் விழாது.

ஓய்வுபெற்ற_கால்நடை_ஆய்வாளர்:

மேலே சொன்ன எல்லாம் சரி. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன் அம்மா. பல் பட்டுத் தோல் கிழிந்தால், நம் வீட்டுக் குட்டிதானே என்று விட்டுவிடாதீர்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி) தடுப்பூசி இலவசம். செவலைக்கு ரேபிஸ் ஊசி போட்டாயிற்றா? மூன்று மாதம் முடிந்ததும் போட வேண்டும்.

கீழ்வீட்டு அம்மா வைப்பது குழம்புச் சோறா என்றும் கேளுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தத்தைக் கெடுக்கும். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தையே பாதிக்கலாம். வேகவைத்த கோழியும் முட்டையும் சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். வெந்த எலும்பு மட்டும் வேண்டாம், சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

பெருங்குடி_ஷிஃப்ட்காரன்:

நானும் தனி ஆள்தான். குட்டியால் மூன்றரை, நாலு மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது. மதியம் ஒருவர் வருவது போதாது, நாலு மணிக்கும் யாராவது வர வேண்டும். பக்கத்தில் கல்லூரிப் பிள்ளைகள் இருந்தால் கேட்டுப் பாருங்கள், பணம் கொடுத்தாலும் பரவாயில்லை. உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவனை யார் பார்ப்பார் என்பதையும் இப்போதே பேசி வையுங்கள். மாநகராட்சி உரிமமும் எடுத்துவிடுங்கள், ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.

மடிப்பாக்கம்_மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி. ரேபிஸ் ஊசி போட்டாயிற்று ஐயா. விசாரித்தேன், குழம்புச் சோறுதான் வைத்திருக்கிறார், இன்றே நிறுத்தச் சொல்லிவிட்டேன். நாலு மணிக்கு எதிர்வீட்டுப் பையன் வருவதாகச் சொல்கிறான். அக்கா, அந்தத் துண்டையே கிழித்துத் தின்றுவிட்டால்?

கரிசல்காட்டு_அக்கா:

பக்கத்திலேயே இரு. சாப்பாடு தீர்ந்ததும் கையில் ஒரு கோழித்துண்டைக் காட்டித் துண்டை வாங்கிவிடு. வெடுக்கென்று பிடுங்காதே.