பட்டம் முடித்து அதிகாரியாகவா, இப்போதே சிப்பாயாகவா?

வணக்கம். ராணுவத்தில் பணியாற்றியவர்களிடம் ஒரு யோசனை கேட்கிறேன். இயற்பியல் பட்டப்படிப்பில் இரண்டாம் ஆண்டை முடித்திருக்கிறேன். ராணுவத்தில் சேர்வது என்று முடிவெடுத்து நெடுநாளாகிறது. எந்த வாசல் வழியாக என்பதில்தான் தூக்கம் கெடுகிறது.

பட்டத்தை முடித்தால் அதிகாரித் தேர்வுக்குப் போகலாம். தேர்வும் பயிற்சியும் முடிந்து லெப்டினன்ட் ஆனதும், ஏறக்குறைய 30 பேர் கொண்ட ஒரு பிளாட்டூனை ஒப்படைப்பார்கள். அதில் சிப்பாயாகத் தொடங்கி உயர்ந்த, பல ஆண்டுகள் களம் கண்ட சார்ஜென்ட் இருப்பார். பயிற்சியை இப்போதுதான் முடித்த நான் அவருக்கு ஆணையிடுவதா? இந்த எண்ணமே என்னைச் சிப்பாய் வேலையின் பக்கம் இழுக்கிறது. கீழிருந்து கற்று வந்தவர்கள்மீது எனக்கு அவ்வளவு மதிப்பு.

சிப்பாயாகச் சேர்ந்து பிறகு அதிகாரியாக உயரும் வழி பல ராணுவங்களில் உண்டு. ஆனால் அதற்கும் வயது வரம்பு இருக்கிறது. பணிக்கிடையே பட்டம் படிக்க உண்மையில் நேரம் கிடைக்குமா? ஊதிய வித்தியாசம் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

அப்படி உயர்ந்தவர்கள் இருந்தால், சிப்பாயாக இருந்த ஆண்டுகள் பின்னர் எப்படிக் கைகொடுத்தன என்று எழுதுங்கள். நேரடியாக அதிகாரியானவர்கள், முதல் நாள் உங்கள் சார்ஜென்டிடம் என்ன பேசினீர்கள் என்பதையும் சொல்லுங்கள். அடுத்த ஆண்டுக்கான கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுவதற்குள் நான் முடிவெடுத்தாக வேண்டும்.