தோட்டா உறை கழுவிக் காய்ந்ததும் திட்டுத்திட்டாகக் கறை வருகிறது, உதவி தேவை

கேள்வி:
டெக்சஸில் சான் அன்டோனியோ பக்கம் இருக்கிறேன். துப்பாக்கி சுடும் ரேஞ்சில் சுட்டுப் பொறுக்கி வந்த 9 மிமீ, .223 அளவுத் தோட்டாக்களின் பித்தளை உறைகளை மறுபடி மருந்து நிரப்புவதற்காக, உருட்டும் மெஷினில் ஸ்டீல் ஊசி, குழாய்த் தண்ணீர், வினிகர், பாத்திரம் கழுவும் சோப்பு எல்லாம் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுகிறேன். எடுக்கும்போது பளபளப்பாகத்தான் இருக்கிறது, துண்டில் பரப்பி மறுநாள் பார்த்தால் பழுப்புத் திட்டு, வெள்ளைப் புள்ளி, சிலது ரோஸ் நிறம். பிரைமரைக் (உறையின் அடியில் இருக்கும், மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி) கழற்றாமல்தான் கழுவுகிறேன். வெளியே நன்றாகக் காய்ந்த உறையைத் தட்டினாலும் பிரைமர் பக்கமிருந்து ஈரம் கசிகிறது. காய வைக்கச் சமையல் அவனில் (oven) வைக்கலாமா?

பதில் 1:
சமையல் அவனில் வேண்டவே வேண்டாம் நண்பரே. பிரைமர் எரிந்த கரியில் ஈயம் இருக்கும், அது சாப்பாட்டுப் பக்கமே போகக்கூடாது, கழுவும்போதும் கையுறை போடுங்கள். முதலில் பிரைமரைக் கழற்றிவிட்டு அப்புறம் கழுவுங்கள், தண்ணீர் தேங்குவதே பிரைமர் உட்காரும் குழியில்தான். வெள்ளைப் புள்ளி உங்கள் ஊர்த் தண்ணீரின் சுண்ணாம்பு. கடைசி அலசலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினால் போதும்.

பதில் 2:
ரோஸ் நிறத்துக்குக் காரணம் அமிலம். தோட்டாப் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். அமிலத்தில் ரொம்ப நேரம் கிடந்தால் மேல்பரப்பில் துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் தெரியும். புளி போட்டு விளக்குத் தேய்த்தால் ஊறப்போடாமல் உடனே அலசுகிறோமே, அதே கதைதான். வினிகரை விட்டுவிட்டு ஒரு கேலனுக்குக் கால் டீஸ்பூன் சிட்ரிக் ஆசிட், கொஞ்சம் சோப்பு, இரண்டு மணி நேரம், அவ்வளவுதான். லேசான ரோஸ் பரவாயில்லை, விரிசலோ குழியோ தெரிந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள்.

கேட்டவர்:
சரி, புரிந்தது. கறை போக வீட்டில் இருக்கும் பித்தளை பாலிஷ் போடலாமா?

பதில் 2:
அமோனியா கலந்ததா என்று பாட்டிலைப் பாருங்கள், கலந்திருந்தால் தொடவே தொடாதீர்கள். பிரிட்டிஷ் காலத்தில் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகள் தானாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வந்த அமோனியாதான் காரணம் என்பது 1921இல்தான் தெளிவானது. இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் இறுக்கம் இருக்கும், அமோனியா பட்டால் அந்த இடம் பிளக்கும். நிரப்பிய உறை துப்பாக்கிக்குள் பிளந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பதில் 3:
காய வைக்க: பெரிய துண்டில் கொட்டி இரண்டு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் உருட்டுங்கள், உள்தண்ணீர் பெரும்பாலும் வந்துவிடும். அப்புறம் இதற்கென்றே பழைய பழம் உலர்த்தும் டிஹைட்ரேட்டர் ஒன்று வாங்கி 60, 70 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரம். சூடு அதிகமானால் சீக்கிரம் காயும் என்று ஏற்றாதீர்கள், 250 டிகிரிக்குப் பக்கத்தில் போனால் பித்தளை கெட்டித்தன்மை குறைந்து இளக ஆரம்பிக்கும், அடிப்பாகம் இளகிய உறை ஆபத்து. .223க்குக் கழுத்து குறுகல், அதை மட்டும் கூடுதல் நேரம் விடுங்கள். நிரப்பும் முன் ஒவ்வொன்றையும் டார்ச் அடித்துப் பாருங்கள், பிரைமர் துளையில் இரண்டு ஊசி குறுக்கே மாட்டிக்கொண்டு நிற்பது உண்டு.