அமெரிக்காவில் கல்லூரி மாறியதும் கிரேடு விழுந்த ப்ரீமெட்காரர்கள் (மருத்துவப் பள்ளியில் சேரத் தயாராகும் இளங்கலை மாணவர்கள்), உங்கள் அனுபவம் என்ன?

நெய்தல்

இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜ் (இரண்டு வருடப் படிப்புக்கான உள்ளூர்க் கல்லூரி), ஜிபிஏ (நாலுக்குப் போடும் கிரேடு சராசரி) 3.9. அங்கிருந்து ஒரு யூசி (கலிஃபோர்னியா பல்கலைக்கழக) வளாகத்துக்கு ஜூனியராக, அதாவது மூன்றாம் வருடத்தில், மாறினேன். செமஸ்டரிலிருந்து குவார்ட்டருக்கு வந்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு குவார்ட்டர் மொத்தமே பத்து வாரம். எந்த வகுப்பு எந்தக் கட்டடத்தில் என்று பழகுவதற்குள் மிட்டெர்ம் வந்துவிடும். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி ப்ளஸ், அந்தக் குவார்ட்டருக்கு மொத்தம் 2.5.

அந்த மார்க்கைவிட அட்வைசர் அறையில் நடந்ததுதான் இன்னும் மனதை அறுக்கிறது. பழைய கல்லூரியிலிருந்து கிரெடிட் (பாடம் முடித்த கணக்கு) வரும், கிரேடு வராது. அதனால் அவருடைய திரையில் நான் 2.5 வாங்கிய பெண், அவ்வளவுதான். மேலே கீழே தள்ளிப் பார்த்துவிட்டு, "மெடிசின் இல்லாமல் வேறு ஏதாவது யோசித்திருக்கிறாயா?" என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை, ஏளனமும் இல்லை. மவுஸிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அடுத்த குவார்ட்டரில் பிசிக்ஸையும் பயோகெமிஸ்ட்ரியையும் சேர்த்து எடுக்கலாமா என்று கேட்கத்தான் போயிருந்தேன். அதைக் கேட்காமலே எழுந்து வந்துவிட்டேன்.

இரண்டு வருடம் உழைத்து வாங்கிய ஏ எல்லாம் ஒருவர் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுமா? வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

கரிசல்

நெய்தல், உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அவர் கேட்டது தப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. என்னுடைய அட்வைசர் ஒவ்வொரு முறையும் சிரித்துக்கொண்டே "எல்லாம் சரியாகிவிடும்" என்பார். ஜூனியர் வருடக் கடைசியில்தான் "இந்த நிலையில் இந்த வருடம் விண்ணப்பிக்க வேண்டாம்" என்றார். நேராகக் கேட்பவர் எவ்வளவோ மேல்.

நான் ஒஹாயோ. அப்பாவுக்கு வேலை போனதும் தனியார் கல்லூரியில் கட்டணம் கட்ட முடியாமல் ஸ்டேட் யூனிவர்சிட்டிக்கு மாறினேன். பழைய இடத்தில் ஆர்கானிக் வகுப்பில் இருபது பேர், பேராசிரியருக்கு என் பெயர் தெரியும். புது இடத்தில் முந்நூறு பேர், கர்வ் போட்டு, அதாவது மற்றவர்களோடு ஒப்பிட்டு, கிரேடு. முதல் தேர்வுத் தாள் கைக்கு வந்த அன்று எனக்கு முன்வரிசையில் நாலைந்து பேர் ஒரு தடித்த ஃபைலைப் பிரித்து, இந்தத் தேர்வைப் பழைய வருடக் கேள்வித்தாள்களோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதே பேராசிரியரின் தாள்கள். யாரும் ஒளித்து வைக்கவில்லை. முதல் வருடத்திலிருந்து ஒன்றாகப் படிப்பவர்கள், ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போயிருக்கிறது. நடுவில் வந்து சேர்ந்தவனுக்கு அதைச் சொல்ல ஆள் கிடையாது. கேட்டதும் ஒரு பெண் அன்று இரவே முழுவதையும் படம் எடுத்து அனுப்பினாள். அந்த ஃபைல் இருப்பதே தெரியாமல் எத்தனை பேர் தங்களுக்கு மூளை போதாது என்று நினைத்து விலகியிருப்பார்கள் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

பாஸ்டன் அம்மா

கரிசல் தம்பி, நேராகப் பேசுவது வேறு, பாதி டிரான்ஸ்கிரிப்டை (கிரேடு பட்டியலை) மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது வேறு. பழைய கல்லூரி கிரேடு என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாமே அவர்.

என் பையன் சோஃபமோராக, இரண்டாம் வருடத்தில், வேறு யூனிவர்சிட்டிக்கு மாறினான். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு வந்தபோது திருச்சியிலிருந்து என் மாமியார் வந்திருந்தார். தினமும் ஊருக்குப் போன் போட்டு "டாக்டர் பேரன் வந்திருக்கான்" என்பார். ஒரு நாள் பையன் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து, "பாட்டி, அப்படிச் சொல்லாதீங்க" என்றான். அதட்டல் இல்லை, கெஞ்சுகிற மாதிரி. அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது.

நெய்தல், உனக்கு ஒன்று சொல்கிறேன் கண்ணம்மா. எம்டி பட்டம் தரும் மருத்துவப் பள்ளிகளுக்கான ஆம்காஸ் என்ற பொது விண்ணப்பம் உன் யூனிவர்சிட்டி கணக்கைப் பார்க்காது. நீ படித்த எல்லாக் கல்லூரிகளின் டிரான்ஸ்கிரிப்டையும் வாங்கி அதுவே புதிதாகக் கணக்குப் போடும். குவார்ட்டர் யூனிட்டை (கிரெடிட்டை எண்ணும் அளவு) மூன்றில் இரண்டு பங்காக செமஸ்டர் யூனிட்டுக்கு மாற்றிக்கொள்ளும். பழைய கல்லூரியில் 60 யூனிட் 3.9 என்று வை. இந்தக் குவார்ட்டரின் 16 யூனிட், செமஸ்டர் கணக்கில் பத்தரைக்குக் கொஞ்சம் மேல். இரண்டையும் சேர்த்தால் 3.69 வரும். 2.5 அல்ல! 2023-இல் எம்டி பள்ளிகளில் சேர்ந்தவர்களின் சராசரி 3.77 என்பதால் இடைவெளி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் கதவு மூடவில்லை. பயாலஜி, கெமிஸ்ட்ரி, பிசிக்ஸ், கணக்கு நான்குக்கும் தனியாக ஒரு ஜிபிஏ போடுவார்கள். அதில் யூனிட் குறைவு என்பதால் விழுந்தது பெரிதாகத் தெரியும், அதையும் இப்போதே போட்டுப் பார். ஒரு பாடம் கைமீறிப் போகிறது என்றால் கடைசித் தேதிக்குள் விலகிவிடு. விலகியதற்கான டபிள்யூ என்ற குறி டிரான்ஸ்கிரிப்டில் நிற்கும், ஜிபிஏவில் சேராது. அடுத்த ஆர்கானிக்கைக் கோடையில் உன் பழைய கம்யூனிட்டி காலேஜிலேயே எடுத்துவிடு, நிம்மதி. முக்கியமாக வீட்டில் சொல்லிவிடு. எங்களுக்கு மார்க் குறைந்ததை விட, பிள்ளை தனியாகச் சுமந்தான் என்பதுதான் தாங்கவில்லை.

இரவுப்பணி

டிஓ (எம்டி போலவே டாக்டராகும் ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) படித்து இப்போது ரெசிடென்சியில், மருத்துவமனைப் பயிற்சியில், இருக்கிறேன். அம்மா சொன்ன கணக்கு சரி. கோடை யோசனையை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். யூனிவர்சிட்டியில் சி ப்ளஸ், திரும்பிப் போய் கம்யூனிட்டி காலேஜில் ஏ என்றால், பார்ப்பவருக்கு வருகிற சந்தேகத்தை நாமே உறுதிப்படுத்திய மாதிரி ஆகும். அதே வளாகத்தில் அடுத்த பாடத்தில் ஏ வாங்குவதுதான் பதில். சி ப்ளஸையே மறுபடி எடுக்கவும் வேண்டாம். டிஓ விண்ணப்பத்தில் முன்பு புது கிரேடை மட்டும் எடுத்துக்கொள்வார்கள், 2017-இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது இரண்டுமே கணக்கில் வரும்.

எனக்கு மறக்காதது ஒரு இன்டர்வியூ. எதிரே இருந்த மருத்துவர் என் டிரான்ஸ்கிரிப்டில் இரண்டு சி மேல் விரலை வைத்து, "இந்த இலையுதிர் காலத்தில் என்ன நடந்தது?" என்றார். "அதுதான் புது வளாகத்தில் என் முதல் செமஸ்டர். இரவில் வேலையும் பார்த்தேன். அடுத்த பக்கத்தைப் பாருங்கள்" என்றேன். திருப்பினார். தலையாட்டிவிட்டு, நான் வேலை பார்த்த முதியோர் இல்லத்தைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். அந்தக் கேள்வியை நினைத்து எத்தனையோ ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன், அது ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

குறிஞ்சி

கிரேடைப் பற்றியே எல்லோரும் பேசுகிறீர்கள். எனக்குப் பரிந்துரைக் கடிதம்தான் பெரிய பாடாக இருந்தது. ஜூனியராக வந்தவளை எந்தப் பேராசிரியருக்குத் தெரியும்? பி மைனஸ் வாங்கிய பயோகெமிஸ்ட்ரி வகுப்பின் ஆபீஸ் அவர்ஸுக்கு (பேராசிரியரை அவர் அறையில் சந்திக்கும் நேரம்) வாராவாரம் போனேன். கேட்கும்போது குரல் நடுங்கியது. அவர், "நீ எந்த இடத்தில் தடுமாறுகிறாய், எப்படி வெளியே வருகிறாய் என்று எனக்குத் தெரியும். ஏ வாங்கிய பலரைப் பற்றி எனக்கு எழுத ஒன்றுமில்லை" என்றார்.

ஜூனில் ஆம்காஸ் அனுப்பப் போகிறவர்கள் ஜனவரியிலேயே கேட்டுவிடுங்கள். ஏப்ரலில் போய் நின்றால் அவர்களுக்கு நேரம் இருக்காது.