நாத்தம் போன பிறகுதான் பயப்படணும்: தோல் ஷாப் கழிவுக்குழி வேலை

ஆம்பூர், கழிவுநீர்ப் பிரிவு மேற்பார்வையாளர்:

"நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்ற பேச்சை எந்தக் குழிப் பக்கத்தில் கேட்டாலும் உடனே வேலையை நிறுத்துங்கள். குழியில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு காற்றில் ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருந்தாலே அழுகின முட்டை வாடை மூக்கைத் துளைக்கும். 100 பிபிஎம் பக்கம் போனால் சில நிமிடங்களில் மோப்பமே மரத்துவிடும். 700-ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் விழலாம். அதாவது, வாடை நின்றது வாயு போனதாலா, மூக்கு செத்ததாலா என்பதை வாயு அளக்கும் மீட்டர்தான் சொல்ல முடியும்.

நம் ஊர்த் தோல் பதனிடும் ஷாப் குழிகளில் இது சேர்வதற்குக் காரணம் உண்டு. தோலில் முடி எடுக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம். அந்தத் தண்ணீர் pH 12-க்கு மேல் (கடும் காரமாக) இருக்கும்வரை சல்பைடு தண்ணீரிலேயே கிடக்கும். பிக்கிள் தண்ணீர் (பதனிடும் முன் தோலை ஊறவைக்கும் ஆசிட் தண்ணீர்) அதே வாய்க்காலில் வந்து கலந்தால் வாயுவாகக் கிளம்பிவிடும். குழியைக் கழுவ ஆசிட் ஊற்றினாலும் இதே கதிதான். சல்பைடு தண்ணீருக்கும் ஆசிட் தண்ணீருக்கும் வாய்க்காலைத் தனித்தனியாக வைப்பது முதல் வேலை. இதைச் செய்யாமல் முகமூடி வாங்கித் தருவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

ராணிப்பேட்டை, பாதுகாப்புப் பணி:

அண்ணே, மீட்டரைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். மேலே நின்று ஒரு தரம் பார்த்தால் போதாது. இந்த வாயு காற்றைவிடக் கனம், அடியில்தான் தங்கும். மீட்டரின் ட்யூபை மேல், நடு, அடி என இறக்கி, ஒவ்வொரு மட்டத்திலும் இரண்டு நிமிடமாவது நிறுத்துங்கள். முதலில் ஆக்சிஜன் (19.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது), அப்புறம் தீப்பிடிக்கும் வாயு, கடைசியில் நச்சு. ஆக்சிஜன் குறைந்த இடத்தில் தீ வாயு சென்சார் குறைத்துக் காட்டும், அதனால்தான் இந்த வரிசை.

ப்ளோயர் (உள்ளே காற்றுத் தள்ளும் மிஷின்) கணக்கு: குழி 10 அடிக்கு 10 அடி, ஆழம் 8 அடி என்றால் 800 கன அடி. நிமிடத்துக்கு 1,000 கன அடி தள்ளும் ப்ளோயர் 16 நிமிடத்தில் காற்றை 20 தடவை மாற்றும். ஹோஸில் வளைவு இருந்தால் காற்று குறையும், ஆகவே அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஹோஸ் வாய் சேற்றுக்கு ஓரடி மேலே இருக்கட்டும். ஜெனரேட்டர் புகை வரும் பக்கம் ப்ளோயரை வைத்தால் கார்பன் மோனாக்சைடை நாமே உள்ளே அனுப்புகிறோம்.

இவ்வளவும் செய்து மீட்டர் சுத்தம் காட்டினாலும், சேற்றில் மண்வெட்டி போட்ட நொடியில் அடியில் அடைபட்ட வாயு வெளியே வரும். பலர் விழுவது இந்த இடத்தில்தான். மீட்டரைச் சட்டைக் காலர் பக்கத்தில் மாட்டியே வைத்திருக்க வேண்டும், 10 பிபிஎம் அலாரம் அடித்தால் கேள்வி கேட்காமல் ஏறணும். முடிந்தவரை ஆளை இறக்காமல் பம்ப் வைத்து உறிஞ்சுங்கள்.

வாணியம்பாடி, முதலுதவிப் பயிற்சியாளர்:

கீழே விழுந்தவரைத் தூக்க அடுத்தவர் குதிப்பது, அவரைத் தூக்க மூன்றாவது ஆள். பாசத்தில் நடக்கிற சாவு இது. ஃபுல் பாடி ஹார்னஸ் (உடம்பு முழுக்கப் பிடிக்கும் வார்), குழி வாய்க்கு மேல் நிற்கும் முக்காலி, விஞ்ச் (கயிறு சுற்றும் கருவி) மூன்றும் ஆள் இறங்கும் முன்பே மாட்டியிருந்தால் மேலே இருப்பவர் கைப்பிடியைச் சுற்றினால் போதும். இடுப்பில் கட்டும் பெல்ட் வேண்டாம், மயங்கினவரை மடக்கித் தூக்கும், குழி வாயில் சிக்கும். கயிற்றின் மறுமுனை வெளியே ஒருவர் கையில் இருக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 36ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருந்தது. துணி மாஸ்க், தூசி மாஸ்க் இந்த வாயுவை நிறுத்தாது. சிலிண்டர் காற்று மட்டுமே உதவும்.

ராணிப்பேட்டை, பாதுகாப்புப் பணி:

இன்னொன்று, சேற்றுத் தொட்டிச் சுவருக்குப் பக்கத்தில் படுக்க இடம் கொடுக்காதீர்கள். 2015 ஜனவரி 31 அன்று இங்கே சிப்காட்டில் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூக்கத்திலிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள்.

ஆம்பூர், கழிவுநீர்ப் பிரிவு மேற்பார்வையாளர்:

ராணிப்பேட்டையில் குரோமேட் கழிவு அள்ளும் ஆட்களுக்கு ஆபத்து வேறு. தோல் பதனிடும் குரோம் மூன்று இணைதிறன் வகை, அங்கே குவிந்திருக்கும் கழிவில் ஆறு இணைதிறன் வகை குரோம் உண்டு. நுரையீரல் புற்றுநோய் தரக்கூடியது அதுதான். மஞ்சள் தண்ணீர் ஊறினால் அடையாளம். காட்டன் கிளவுஸ் அதை உறிஞ்சித் தோலோடு ஒட்ட வைக்கும், நைட்ரைல் போடுங்கள். விரல் இடுக்கில் வலியில்லாத குழிப்புண், மூக்கில் அடிக்கடி ரத்தம், இரண்டில் எது வந்தாலும் மருத்துவரிடம் "குரோமேட் வேலை" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், மூக்கின் நடுச்சுவரைப் பார்க்கச் சொல்லுங்கள். வேலை உடுப்பை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது. உதறவும் கூடாது, நனைத்த பிறகே கழற்றணும்.