மின்சாரம் பிறக்கிற மலையில் இருட்டு: நீலகிரி, கொடைக்கானல் பக்கத்து அனுபவங்கள்

குந்தாக்காரர்:

பைக்காரா மின்நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது. குந்தா மின்நிலையங்கள் எல்லாம் சேர்ந்தால் 500 மெகாவாட்டுக்கு மேல். சிங்காராவில் இன்னொரு 150. அத்தனையும் இந்த மலைத் தண்ணீர். ஆனால் மஞ்சூர், எமரால்டு பக்கம் ஒரு ராத்திரி காற்றடித்தால் இரண்டு நாளைக்குக் கரண்ட் கிடையாது. அணை நம் ஊரில், வெளிச்சம் சமவெளியில் என்று ஜனங்கள் கொதிப்பது நியாயம்தான்.

அந்தக் கோபம் சரியான இடத்தில் போய் விழ வேண்டும். 2012-ல் நடந்தது பற்றாக்குறை. சென்னைக்கு 2 மணி நேர வெட்டு, மற்ற மாவட்டங்களுக்கு 10, 12 மணி நேரத்துக்கும் மேல். அன்று உற்பத்தியே போதவில்லை. இன்று மலையில் நாம் அனுபவிப்பது பெரும்பாலும் அது அல்ல. மின்நிலையத்திலிருந்து கிளம்பும் 110, 230 கே.வி. (ஆயிரம் வோல்ட்) லைன் ஊரைத் தாண்டிப் போய்விடுகிறது. நம் வீட்டுக்கு வருவது சப்-ஸ்டேஷனில் 11 கே.வி.யாக இறக்கி, கற்பூர மரத்துக்கும் சீகை மரத்துக்கும் நடுவே இழுத்த ஃபீடர் என்கிற லைன். கிளை வெட்டவில்லை, கம்பியைத் தாங்குகிற பழைய பீங்கான் இன்சுலேட்டரை மாற்றவில்லை, லைன் ஆட்கள் இடம் காலியாகவே கிடக்கிறது. இதைப் பற்றாக்குறை என்று நாமே சொல்லிக்கொண்டிருந்தால் பராமரிக்க வேண்டியவர்கள் பொறுப்பிலிருந்து கழன்றுகொள்வார்கள். தெரிந்தவர்கள் பழுது என்ன, ஏன் வருகிறது, அந்த நேரத்தில் என்ன செய்வது என்று அளவோடு எழுதுங்கள்.

கோத்தகிரி, லைன் வேலை:

மழை நாளில் ஃபீடர் விழுவதற்கு, அதாவது தானே துண்டித்துக்கொள்வதற்கு, மரத்துக்கு அடுத்த காரணம் இன்சுலேட்டர். பீங்கானில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருக்கும். வெயிலில் ஒன்றும் செய்யாது. மஞ்சு மூடி, சாரல் இறங்கி அந்த விரிசல் நனைந்தால் கரண்ட் கிராஸ் ஆர்ம் என்ற குறுக்குச் சட்டம் வழியாகக் கம்பத்துக்குக் கசியும், சப்-ஸ்டேஷனில் பிரேக்கர் விழுந்து லைனைத் துண்டிக்கும். காலையில் வெயில் பட்டதும் ஃபீடர் விழாமல் தாங்கும். "சரியாயிடுச்சு" என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். ராத்திரி மறுபடியும் விழும். இப்படி ராத்திரி விழுந்து பகலில் தாங்குகிற ஃபீடரில் 10-க்கு 8 தடவை இன்சுலேட்டர்தான் என்பது என் கணிப்பு.

கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு நேரம் என்று கேட்கிறார்கள். லைனைப் பிரிக்க அங்கங்கே கம்பத்தில் ஏ.பி. ஸ்விட்ச் இருக்கும். அதைத் திறந்து ஃபீடரைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டாக சார்ஜ் செய்து, அதாவது கரண்ட் கொடுத்து, பார்க்க வேண்டும். எந்தத் துண்டைச் சேர்த்ததும் பிரேக்கர் விழுகிறதோ, பழுது அதில். ஒரு ஸ்விட்சிலிருந்து அடுத்ததுக்கு இரண்டு மூன்று கிலோமீட்டர் நடை. அட்டையும் காட்டெருமையும் இருக்கிற தோட்டப் பாதை, ராத்திரி, இரண்டே ஆள். ஊர்க்காரர்கள் உதவக்கூடிய இடம் இதுதான். இருட்டில் எந்தக் கம்பத்து உச்சியில் நீலப் பொறி தெரிந்தது, எங்கே கிர்ர் என்று சத்தம் வந்தது என்று பார்த்து, கம்ப எண்ணோடு சொன்னால் நான்கு மணி நேர வேலை ஒரு மணி நேரமாகச் சுருங்கும்.

போனில் "எங்க ஏரியால கரண்ட் இல்ல" என்று மட்டும் சொல்லாதீர்கள். மின்வாரியப் புகார் மையம் மின்னகத்தின் எண் 94987 94987. சர்வீஸ் எண், டிரான்ஸ்பார்மர் பெயர், கம்ப எண், போன நேரம், ஒரு பேஸ் மட்டும் போயிற்றா மூன்றுமா, கண்ணால் பார்த்தது என்ன, இத்தனையும் ஒரே மூச்சில் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் செல்போன் டவர் பேட்டரியும் தீர்ந்துவிடும், அதற்குமுன் கூப்பிட்டுவிட வேண்டும்.

அறுந்து கிடக்கிற கம்பி பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஊரே இருட்டாக இருக்கிறது, இது செத்த கம்பிதான் என்று யாரும் நெருங்கக் கூடாது. மேலே சொன்னேனே, துண்டு துண்டாக சார்ஜ் செய்வார்கள் என்று. நீங்கள் பக்கத்தில் நிற்கிற அந்த நொடியில் அதில் 11,000 வோல்ட் வரலாம். ஈரத் தரையில் 10 மீட்டருக்கு உள்ளே காலே வைக்காதீர்கள். மாட்டையும் பிள்ளைகளையும் தள்ளி நிறுத்துங்கள்.

கூடலூர், வயரிங்:

கோத்தகிரி அண்ணன் சொன்னது எச்.டி. பக்கம், அதாவது 11,000 வோல்ட் லைன். வீட்டுப் பக்கத்தில் அதிகச் சேதம் செய்வது நியூட்ரல் கட். காற்றில் வீடுகளுக்கு வருகிற எல்.டி. லைன் ஆடி, கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பி அறுந்தாலோ டிரான்ஸ்பார்மர் அடியில் அதன் இணைப்பு கழன்றாலோ இது வரும். அடையாளம் தெளிவாகத் தெரியும். உங்கள் வீட்டு பல்பு திடீரென்று கண் கூசுகிற வெள்ளையில் எரியும், பக்கத்து வீட்டில் அதே நேரம் மஞ்சளாகச் சுருங்கும். ஃபேன் விமானம் மாதிரி இரையும். இரண்டு பேஸுக்கு நடுவில் உங்கள் வீடும் பக்கத்து வீடும் வரிசையாக மாட்டிக்கொண்டு, லோடு குறைந்த வீட்டுக்கு 300 வோல்ட்டுக்கு மேல், முழு 400 வரைகூடப் போகும். டிவியைத் தனியாக அணைக்கலாமா, ஃப்ரிட்ஜைப் பிடுங்கலாமா என்று யோசிக்கிற நேரம் இல்லை. மெயினை இறக்குங்கள், பக்கத்து வீட்டுக்கும் குரல் கொடுங்கள். லைன்மேன் வந்து நியூட்ரலைப் போட்ட பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 216-லிருந்து 244-க்குள் இருந்தால் மட்டும் மெயினை ஏற்றுங்கள்.

இன்னொன்று, டிரான்ஸ்பார்மர் ஃபியூஸில் அளவான கம்பிக்குப் பதில் தடித்த செம்புக் கம்பியை முறுக்கி விடுவது. அடிக்கடி ஃபியூஸ் போகிறதே என்று ஊர்க்காரர்களே கேட்டுச் செய்ய வைப்பதும் உண்டு. அடுத்த தடவை கிளை உரசும்போது ஃபியூஸ் போகாது, டிரான்ஸ்பார்மரே வெந்துவிடும். சமவெளியில் லாரி வைத்து ஒரு நாளில் மாற்றிவிடலாம். இங்கே தேவாலா, பந்தலூர் மழையில் மண் ரோட்டில் அதை ஏற்றி, கடைசி 200 மீட்டர் கயிறு கட்டி ஆள் இழுத்துப் போக வேண்டும். ஒரு வாரம் போய்விடும்.

நிர்வாகம் என்று பேசினால் எங்கள் பக்கம் பிரிவு 17 நிலத்தைச் சொல்லாமல் முடியாது. 1969-ம் வருட ஜென்மம் நில ஒழிப்புச் சட்டத்தின் கீழ் தீராமல் கிடக்கிற நிலம் அது. அங்கே தலைமுறையாகக் குடியிருப்பவர்களுக்கு, நிலம் யாருடையது என்று முடிவாகவில்லை என்ற காரணத்தில் நீண்ட காலம் கரண்ட் இணைப்பே மறுக்கப்பட்டது. பிள்ளைகள் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தார்கள்; அந்த ரேஷன் மண்ணெண்ணெயும் வருடா வருடம் சுருங்கியது. கரண்ட் போகிறது என்று நாம் பேசுகிறோம். கரண்ட்டையே பார்க்காத வீடுகளையும் இந்தப் பேச்சில் சேர்க்க வேண்டும்.

கொடைக்கானல், பேட்டரி கடை:

கஜா புயல் 2018 நவம்பர் 16-ல் கரையேறியது டெல்டா பக்கம், ஆனால் இங்கேயும் மரமும் கம்பமும் சாய்ந்து மலை இருண்டது. அதற்குப் பிறகு இன்வெர்ட்டர் வாங்காத வீடு குறைவு. வாங்கியதில் பாதிப் பேட்டரி ஆயுளுக்கு முன்னே சாகிறது. காரணம் சொல்கிறேன்.

12 வோல்ட், 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) டியூபுலர் பேட்டரி என்றால் கணக்குக்கு 1,800 வாட்-மணி. முழுக்க வடிக்கக் கூடாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் போகும். கைக்கு 1,000 கிடைத்தால் திருப்தி. அந்த ஏ.எச். 27 டிகிரிக்குப் போட்ட கணக்கு. ஜனவரி ராத்திரி 5 டிகிரியில் இன்னும் ஐந்தில் ஒரு பங்கு குறையும். அதைவிடப் பெரிய பிரச்சினை சார்ஜ். முழுக்க வடிந்த 150 ஏ.எச். பேட்டரிக்கு 15 ஆம்பியரில் 10, 12 மணி நேரம் வேண்டும். மலையில் என்ன நடக்கிறது? இரண்டு மணி நேரம் கரண்ட் வருகிறது, போகிறது. அரைகுறை சார்ஜிலேயே நாள்கணக்கில் கிடந்து பிளேட்டில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடுகிறது. பச்சை விளக்கை நம்பாதீர்கள், ஆசிட் அடர்த்தியை அளக்கிற ஹைட்ரோமீட்டர் 150, 200 ரூபாய்தான். முழுச் சார்ஜில் 1.240-க்குப் பக்கம் காட்ட வேண்டும். 1.180-க்குக் கீழே ஒரு நாளைக்கு மேல் விட்டுவைக்காதீர்கள். ஊற்றுத் தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கிறது என்று பேட்டரியில் ஊற்றுகிறார்கள். அதில் தாது இருக்கிறது, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே.

ஜெனரேட்டர் வாங்குபவர்களுக்கு. 7,000 அடியில் காற்று மெலிது. டர்போ இல்லாத எஞ்சினில் ஆயிரம் அடிக்கு 3 சதவீதத்துக்கு மேல் சக்தி குறையும். 5 கே.வி.ஏ. என்று எழுதியிருப்பது இங்கே 4 தான் இழுக்கும். பெட்ரோல் செட்டில் கார்புரேட்டர் ஜெட், அதாவது பெட்ரோல் வருகிற துளை, சமவெளிக்கு வைத்தது. இங்கே பெட்ரோல் அதிகமாகி, கறுப்புப் புகை அடித்து, பிளக்கில் கரி பிடிக்கும். ஒரு அளவு சிறிய ஜெட் போடச் சொல்லுங்கள். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். நம் ஈரக் காற்றில் அது தண்ணீரை உறிஞ்சி அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். வேலை முடிந்ததும் பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானே நிற்கிற வரை ஓட விடுங்கள், கார்புரேட்டர் காய்ந்துவிடும்.

லைனைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் ஸ்விட்ச் இல்லாமல் ப்ளக் பாயிண்ட்டில் ஜெனரேட்டரைச் செருகவே கூடாது. உங்கள் 230 வோல்ட் டிரான்ஸ்பார்மருக்குத் திரும்பிப் போய் மேலே 11,000 ஆகும். அங்கே லைனைச் சரி செய்ய ஒருவர் கம்பத்தில் ஏறியிருப்பார்.

குன்னூர்:

ஒரு சந்தேகம். கூரையில் 3 கிலோவாட் சோலார் இருந்தும் கரண்ட் போனால் சோலாரும் நிற்கிறதே, பழுதா?

கொடைக்கானல், பேட்டரி கடை:

பழுது இல்லை சார். மின்வாரிய லைனோடு இணைந்த ஆன்-கிரிட் வகை, லைன் செத்தால் தானும் நிற்கும்படிதான் செய்திருக்கிறார்கள், அதுவும் லைன்மேன் உயிருக்காக. மலைக்கு பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மஞ்சில் அதையும் நம்பிவிட முடியாது.

கட்டபெட்டு, தேயிலை ஃபேக்டரி:

பச்சை இலை விவசாயிக்குக் கரண்ட் வெட்டு விலையில்தான் வந்து அடிக்கும். வாடல் தொட்டியில் இலை 12 முதல் 16 மணி நேரம் ஃபேன் காற்றில் கிடக்க வேண்டும். ஃபேன் நின்றால், மேலே பச்சையாகத்தான் தெரியும். அடியில் கைவிட்டால் வெதுவெதுப்பு. இலை மூச்சுவிடுகிற சூடு வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தங்குகிறது. இன்னும் கொஞ்ச நேரத்தில் காம்பு சிவக்கும், அதன்பிறகு அந்தத் தூளில் பளபளப்பு வராது. உடனே ஆள் விட்டுக் கிளறி, தொட்டியில் கனத்தைக் குறைக்க வேண்டும். டிரையரில் இருக்கும்போது போனால் இன்னும் மோசம். ஃபேன் நிற்கும், அடுப்பு நிற்காது. டேம்பர் என்ற காற்றுக் கதவைத் திறந்து சூட்டை வெளியே விடாவிட்டால் தூள் கருகும்.

டீசல் செட்டில் ஓட்டலாமே என்பார்கள். 1 லிட்டர் டீசலுக்கு 3 முதல் 3.5 யூனிட். லிட்டர் 90 ரூபாய்க்கு மேல் என்றால் யூனிட் 25 ரூபாயைத் தாண்டுகிறது. 1 கிலோ தூளுக்கு 4 கிலோவுக்கு மேல் இலை வேண்டும். இந்தச் செலவை ஃபேக்டரி எடுப்பது அந்த இலை விலையிலிருந்துதான். இல்லையென்றால் "இன்னைக்கு இவ்வளவுதான் எடுப்போம்" என்று கோட்டா போடுவார்கள். பறித்த இலை மூட்டையிலேயே சிவக்கும்.

மேட்டுப்பாளையம் ரோடு, பங்க் வேலை:

எரிபொருள் தட்டுப்பாடு மலையில் பெரும்பாலும் ரோட்டுத் தட்டுப்பாடு. எண்ணெய் கோவை பக்கமிருந்து வருகிறது. கல்லாறு, பர்லியாறு நடுவே மண் சரிந்தால் கோத்தகிரி வழி, அதுவும் அடைத்தால் மலைக்கே வரத்து நின்றுவிடும். கூடலூர் வழி முதுமலை, பந்திப்பூர் ரோட்டில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துத் தடை. வத்தலக்குண்டு ரோடு அடைத்தால் கொடைக்கானலுக்கும் இதே கதிதான்.

மழை எச்சரிக்கை வந்ததும் வண்டியில் பாதி டேங்குக்குக் கீழே விடாதீர்கள். டேங்கர் இறக்கும்போதும், இருப்பு அடிமட்டத்துக்குப் போன பங்க்கிலும் நிரப்பாதீர்கள், அடியில் கிடக்கும் தண்ணீரும் கசடும் கலங்கி மேலே வரும். கேட்டால் டேங்க் அளவு பார்க்கிற டிப் ராடில், தண்ணீர் பட்டால் நிறம் மாறுகிற வாட்டர் பேஸ்ட் தடவிக் காட்ட வேண்டும். 5 லிட்டர் அளவுக் குடுவையில் அளந்து காட்டுவதும் உங்கள் உரிமை. 25 மில்லிக்கு மேல் குறைந்தால் அந்த பம்ப்பை நிறுத்தச் சொல்லலாம். வீட்டில் பெட்ரோல் 30 லிட்டருக்கு மேல் உரிமம் இல்லாமல் வைக்கக் கூடாது. பிளாஸ்டிக் பாட்டிலில் வைப்பது எந்த அளவானாலும் ஆபத்து.

குந்தாக்காரர்:

மனு யாருக்கு, எப்படிக் கொடுப்பது என்று நிறையப் பேர் கேட்டார்கள். சாய்ந்த மரம் என்றால் மின்வாரியம் வனத்துறையைக் காட்டும், வனத்துறை வருவாய்த்துறையைக் காட்டும். 1955-ம் வருட மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் யாரும் நினைத்தபடி வெட்டவும் முடியாது. அதனால் வருவாய்க் கோட்டாட்சியருக்கு (ஆர்.டி.ஓ.) ஒரே மனு, மற்ற இரண்டு துறைக்கும் நகல். சர்வே எண், கம்ப எண், மரத்துக்கும் கம்பிக்கும் உள்ள தூரம், தேதி தெரியும் போட்டோ. பருவமழைக்கு முன்னால், மேற்குப் பக்கம் என்றால் ஏப்ரலில், குன்னூர், கோத்தகிரி என்றால் ஆகஸ்டில் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்து தகவல் உரிமைச் சட்டம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாள். "ஏன் கரண்ட் வரவில்லை" என்று கேட்டால் பதில் வராது. ஃபீடர் பெயரைப் போட்டு, ஜூன் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை ஒவ்வொரு மின்தடையும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பதிவான காரணம்; கிளை வெட்டிய தேதிகள்; பிரிவு அலுவலகத்தில் அனுமதித்த களப்பணியிடம் எத்தனை, ஆள் இருப்பது எத்தனை. இதைக் கேளுங்கள். கூடவே ஊரில் ஒருவர் நோட்டில் போன நேரம், வந்த நேரம் எழுதி வைத்தால் இரண்டையும் ஒப்பிடலாம். அந்தத் தாளோடு மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்குப் போங்கள், அங்கே தீராவிட்டால் மின் குறைதீர்ப்பாளர். தரநிலை விதிகளில் காலக்கெடு தவறினால் இழப்பீடும் உண்டு, யாரும் கேட்பதில்லை.

கொடைக்கானல், பேட்டரி கடை:

வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு. 5 லிட்டர் மெஷின் 350 வாட் இழுக்கும். நான் மேலே சொன்ன 150 ஏ.எச். பேட்டரியில் 3 மணி நேரம்கூட ஓடாது. பி-டைப் சிலிண்டர் ஒன்று நிரம்பிய நிலையில் பக்கத்தில் இருக்கட்டும். அதில் 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் என்றால் 12 மணி நேரம். அந்த வீட்டின் சர்வீஸ் எண்ணைப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். ரோடு அடைத்தால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-க்குச் சொல்லுங்கள். சிலிண்டரில் 8 மணி நேர இருப்பு இருக்கும்போதே சொல்லுங்கள்.